ஆய்வகம் எந்த ஊரில் இருக்கிறது?

செல்லூர் கண்மாய் நிறைந்து பந்தல்குடி வாய்க்காலில் தண்ணீர் இறங்கும்போது நுரை பொங்கி எழுவதையும், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அயன்பாப்பாக்குடி கண்மாயில் வெள்ளை நுரை திரண்டு நிற்பதையும் மதுரைக்காரர்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். கிருதுமால் நதி நகருக்குள் சாக்கடையாகத்தான் ஓடுகிறது. தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட நான்கு நகரங்களில் சென்னை, திருச்சி, தூத்துக்குடியோடு மதுரையும் ஒன்று. இப்படிப்பட்ட ஊரில் வேதியியலோ விலங்கியலோ முடித்த பிள்ளைகள் சுற்றுச்சூழல் நச்சியலிலும் மாசுக் கண்காணிப்பிலும் மேற்படிப்பு படிக்க ஆசைப்படுவது ஊருக்கே நல்லது.

ஆனால் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு வேலையில் இருந்துகொண்டு தினமும் கல்லூரிக்குப் போய்வர எல்லாராலும் முடிவதில்லை. அவர்கள் கைப்பேசியைத் தேடித்தான் விளம்பரங்கள் வருகின்றன: வீட்டிலிருந்தே எம்.எஸ்சி., மாதத் தவணை, வேலைக்கு உத்தரவாதம். இணையவழிப் படிப்பு தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் பாதிப் படிப்பு கையால் செய்து பழகுவது. அந்தப் பாதியை எங்கே தருவார்கள் என்று கேட்காமல் பணம் கட்டிவிடாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கையால் செய்வது என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். காற்றில் பி.எம். 2.5 நுண்துகளை அளக்கும் கருவி நிமிடத்துக்குச் சுமார் 16.7 லிட்டர் காற்றை 47 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் வழியாக 24 மணி நேரம் இழுக்கும். மொத்தம் 24 கன மீட்டர் காற்று. நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அந்த அளவுக்குத் துகள் இருந்தால் தாளில் சேருவது 1.44 மில்லிகிராம்தான், ஒரு கடுகின் எடைகூட வராது. தாளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து, விரல் படாமல் இடுக்கியால் எடுத்து, முன்னும் பின்னும் எடை போட வேண்டும். கை தவறினால் அந்த நாளின் அளவே பொய்.

தண்ணீர் இன்னும் நுட்பமானது. வைகையில் எடுத்த மாதிரியில் கரைந்துள்ள ஆக்சிஜனை அறிய வேண்டுமானால், புட்டியில் ஒரு குமிழிகூட நிற்காமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். உலோகங்களைச் சோதிக்க எடுக்கும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விட வேண்டும், பி.ஓ.டி. (உயிரிய ஆக்சிஜன் தேவை) சோதனைக்கான மாதிரியைக் குளிரில் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டுப் பாடநூல்கள் பி.ஓ.டி. சோதனைக்கு 20 டிகிரியில் 5 நாள் என்கின்றன. நம் இந்தியத் தர முறை 27 டிகிரியில் 3 நாள். வெளிநாட்டுக் காணொளியை மட்டும் பார்த்துப் படித்தவர் இங்கே ஆய்வகத்தில் முதல் நாளே தடுமாறுவார்.

சட்டமும் இதில் உண்டு. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 21ஆம் பிரிவில், ஆலைக் கழிவுநீர் மாதிரியை எடுக்கும் முறையைச் சொல்கிறது. ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். முறை தவறினால் சோதனை முடிவு நீதிமன்றத்தில் செல்லாது. ஒரு சாயப்பட்டறை தப்பிப்பதும் மாட்டுவதும் மாதிரி எடுத்தவரின் கையில் இருக்கிறது.

அதனால்தான் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 10ஆவது விதி, அரசுப் பகுப்பாய்வாளர் ஆக வெறும் பட்டம் போதாது என்கிறது. அறிவியலில் இளநிலைப் பட்டம் என்றால் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் 5 ஆண்டு அனுபவம், முதுநிலை என்றால் 2 ஆண்டு. திரையில் மட்டும் படித்த முதுநிலைப் பட்டதாரி இந்த 2 ஆண்டுக்காக ஆய்வகத்தின் கதவைத் தட்டும்போது, 'டைட்ரேஷன் செய்திருக்கிறாயா, மாதிரி எடுத்திருக்கிறாயா?' என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசிக்கும் இது தெரியும். செய்முறை அல்லது ஆய்வகம் கட்டாயமான படிப்புகளை இணையவழியில் நடத்தக் கூடாது என்று 2018இல் வந்த இணையவழிப் படிப்பு விதிகளிலேயே எழுதினார்கள். ஆகவே 'முழுக்க முழுக்க ஆன்லைன், ஆய்வகத்தோடு கூடிய எம்.எஸ்சி.' என்று யாராவது விற்க வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். இணையவழியும் தொலைநிலையும் வேறுவேறு. தொலைநிலையில் செய்முறைக்கு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ தொலைநிலையில் சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி. வைத்திருக்கிறது, அதன் மண்டல மையம் மதுரையிலேயே இருக்கிறது. செய்முறை வகுப்பு எந்த ஊரில், எத்தனை நாள் என்று நேரில் போய்க் கேட்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, என் பார்வையில் இதுவே நல்ல வழி. உள்ளூர்க் கல்லூரியில் நேரடி எம்.எஸ்சி. சேர்ந்து, நச்சியல், இடர் மதிப்பீடு போன்ற ஏட்டுப் பாடங்களை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் படிப்பது. 2021 யுஜிசி விதிப்படி ஒரு படிப்பில் ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிப் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

அங்கீகாரம் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பல்கலைக்கழகம் பெரியது, பழையது என்பது போதாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971லேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. அப்படிப்பட்ட பழைய நிறுவனமானாலும், நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்தில் அங்கீகாரம் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் பெயர், ஆண்டு மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை அன்றைய தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உளவியல், உணவு ஊட்டச்சத்து உள்ளிட்டவற்றை ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையத்திலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி உத்தரவிட்டது. இவற்றில் சில நச்சியலுக்குப் பக்கத்துத் துறைகள். போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றமே சாட்சி. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பர் 3 அன்று அது நிறுத்தி வைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மீண்டும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. பட்டம் வாங்கி, வேலையில் சேர்ந்து, குடும்பமும் ஆனவர்கள் அவர்கள். கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

அரசு வேலை நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை என்ற வரிசை இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2009ஆம் ஆண்டின் அரசாணை 107இன்படி வேலைக்கு ஏற்பதில்லை. பட்டத்தின் தலைப்பும் வேலை அறிவிக்கையில் உள்ள பாடப் பெயரும் ஒத்துப்போக வேண்டும், இல்லையேல் இணைத்தன்மைக்கான அரசாணை வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள ஒரு நிறுவனம் உரிமம் பெற்று நடத்துவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். யுஜிசியின் 2025 ஏப்ரல் விதிகளின்படி அதற்கு இணைத்தன்மைச் சான்று கிடையாது.

'வீட்டு ஆய்வகப் பெட்டி' என்று எதையாவது அனுப்பிச் சோதனை செய்யச் சொன்னாலும் எச்சரிக்கை வேண்டும். சி.ஓ.டி. (வேதிய ஆக்சிஜன் தேவை) சோதனையில் பொட்டாசியம் டைகுரோமேட், பாதரச சல்பேட், அடர் கந்தக அமிலம் மூன்றும் சேர்ந்து 150 டிகிரியில் 2 மணி நேரம் கொதிக்கும். டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. குழந்தைகள் நடமாடும் சமையலறையில் செய்கிற வேலையா இது? மிச்சத்தைக் கழிவறையில் ஊற்றினால் நாம் அளக்கப் புறப்பட்ட மாசை நாமே ஊருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பணம் கட்டும்போது ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகக் கணக்குக்கே நேரடியாகக் கட்டுங்கள். வட்டியில்லாத் தவணை என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். படிப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி முக்கியத் தகவல் அறிக்கையும், அபராதமில்லாமல் விலக ஒரு அவகாசமும் உங்களுக்கு உண்டு. மனம் மாறினால், 2018 அக்டோபரில் யுஜிசி அறிவித்த கட்டண விதி இது: சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் ஒரு சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகை, அதன் பிறகு கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. அசல் சான்றிதழ்களை யாரும் பிடித்து வைக்கக் கூடாது.

பிரச்சினை வந்துவிட்டால் முதலில் பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். 2023 யுஜிசி விதிகளின்படி முடிவு திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்வு, பட்டம் பற்றிய தகராறு நுகர்வோர் வழக்காகாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறது. பொய் விளம்பரம் செய்து பணம் வாங்கிய தனியார் நிறுவனத்தின் கதை வேறு. அதன் மீது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பாக 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் பேசலாம். போலி இணையதளத்தில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு; அதற்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் மனு கொடுக்கலாம்.