ஒரு பூண்டு, எத்தனை ஆய்வு!

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றிப் படிப்படியாய் இறங்கும் வயல்களில் விளைவது மலைப்பூண்டு. ஒரு பல்லை அப்படியே கையில் எடுங்கள். பெரிதாக வாசமே இருக்காது. நசுக்குங்கள், காரம் மூக்கில் ஏறும். பல்லுக்குள் தனித்தனியே இருந்த அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் அப்போதுதான் கலந்து, அல்லிசின் உண்டாகிறது. கிருமிகளை எதிர்க்கும் இதை 1944-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். மருத்துவ ஆய்வாளருக்கு ஆய்வுப் பொருளாக அது போதும்.

வணிகம் படிப்பவருக்கோ இந்தப் பூண்டு விற்பனையாகும் வடுகபட்டிச் சந்தையின் விலைதான் கேள்வி. சூழலியலாளர் இந்தப் படிக்கட்டு வயல்களின் மண்ணையும், பக்கத்துச் சோலைக்காட்டுத் தண்ணீரையும் பார்ப்பார். பூண்டைப் புகைமூட்டத்தில் உலர்த்திப் பாதுகாக்கும் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவமும் ஆய்வுப் பொருள்தான். அதை எழுதி வைக்காமல் விட்டதுதான் நம் குறை.

இந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கேட்டு முயற்சி எடுத்ததில், 1984-இல் தொடங்கிய கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அடுப்படிப் பொருள் ஒன்று ஆய்வேடாகி, அரசுப் பதிவேட்டிலும் ஏறியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அந்தக் குறியீடு கிடைத்த ஆண்டு 2019.