வலி சொல்லாத இதயம்

2018 மே 21. பெங்களூரில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞரின் இதயம் விமானத்தில் கொல்கத்தா வந்து இறங்கியது. எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி துடித்தாக வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஆனந்தப்பூர் ஃபோர்டிஸ் மருத்துவமனை வரை போலீசார் போக்குவரத்தை ஒதுக்கி வழிவிட்டனர். ஜார்க்கண்டைச் சேர்ந்த ஒருவருக்கு அது பொருத்தப்பட்டது. கிழக்கிந்தியாவின் முதல் இதய மாற்று சிகிச்சை இது.

அதே ஆண்டு நவம்பரில், 1835-இல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியும் இந்தச் சிகிச்சையைச் செய்தது. அரசு மருத்துவமனையில் இது நடந்தது பெரிய விஷயம்.

ஆனால் பொருத்திய இதயத்துக்கும் நோய் வரும். 1968 ஜனவரி 2 அன்று கேப் டவுனில் அறுவை மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்டிடம் மாற்று இதயம் பெற்ற பல் மருத்துவர் பிலிப் பிளைபெர்க் 19 மாதம் வாழ்ந்தார். பிரேதப் பரிசோதனையில், 24 வயது இளைஞரிடமிருந்து வந்த அந்த இதயத்தின் கொரோனரி தமனிகள் மோசமாகச் சுருங்கியிருந்தன.

வழக்கமான மாரடைப்பு நோயில் கொழுப்பு அங்கங்கே திட்டுத்திட்டாகப் படியும். மாற்று இதயத்திலோ உடலின் எதிர்ப்புச் சக்தி தாக்கித் தாக்கி, குழாயின் உட்சுவர் சுற்றிலும், நுனிக் கிளை வரை தடித்துப்போகிறது. அதனால் ஸ்டென்ட், பைபாஸ் இரண்டுக்குமே பெரும்பாலும் இடமிருப்பதில்லை. எடுக்கும்போதே நரம்புகள் அறுபட்ட இதயம் என்பதால் நெஞ்சுவலியும் பலருக்கு வராது. ஆகவேதான் வலி இல்லாவிட்டாலும் குறித்த காலத்தில் ஆஞ்சியோகிராம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளோடு ஸ்டாட்டின் மாத்திரையும்.

இத்தனைக்கும் நடுவே மாற்று இதயம் நெடுநாள் துடிக்கவும் செய்யும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று, 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் செய்தது. அந்த நோயாளி அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.