நிமிர்ந்த முதுமை

மதுரைக்கு மேற்கே, சமணர்மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் கீழக்குயில்குடி. அம்மலையின் செட்டிப்புடவில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிமிர்ந்த முதுகுடன் வீற்றிருக்கிறார். கல்லுக்குப் பேணுதல் வேண்டுவதில்லை. மனிதரின் முதுகெலும்புக்கோ வாழ்நாள் முழுவதும் பேணுதல் வேண்டும்.

உயிருள்ள எலும்பு

கடினமாகத் தோன்றினும் எலும்பு உயிருள்ள திசுவாகும். பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாது இயங்குகின்றன. இளமையில் கட்டுதல் மிகும். ஏறத்தாழ 30 வயதிற்குள் எலும்பின் அடர்த்தி உச்சம் எய்தும். பின்னர்க் கரைதல் மெல்ல விஞ்சும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் இவ்விழப்பு விரைவுறுகிறது. எலும்பினுள் நுண்துளைகள் பெருகி அது வலுவிழக்கும் நிலையே எலும்புப்புரை எனப்படும்.

கூன் உணர்த்தும் செய்தி

கழுத்து முதல் இடுப்பு வரை 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. எலும்புப்புரை முற்றியவருக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் வலிந்து இருமுவதும்கூட முள்ளெலும்பை நொறுக்கப் போதுமானவை. அதன் முன்பகுதி அமுங்குவதால் முதுகு வளைகிறது, உயரம் குறைகிறது. பலருக்குக் கடும் வலி தோன்றாமையால், கூனை மூப்பின் இயல்பெனக் கருதி வீட்டார் வாளாவிருந்துவிடுகின்றனர். இளமையில் இருந்த உயரத்தினின்று 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். எலும்பின் அடர்த்தியை டெக்ஸா என்னும் ஆய்வு அளந்து காட்டும். மேலும் முறிவு நேராமல் காக்க மருந்துகளும் உள்ளன.

காக்கும் வழிகள்

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. சுண்ணாம்புச்சத்து தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. உள்ளது. பால், தயிர், முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியனவும் அச்சத்தை நல்கும். அதனை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். தோலில் அதனை உண்டாக்கும் கதிர்கள் அதிகாலை வெயிலில் மிகக் குறைவு. நண்பகலை ஒட்டிய வெயிலில் மிகுதி. ஆதலின் அந்நேரத்தில் சிறிது பொழுது கைகால்களில் வெயில் படுதல் நன்று.

உடலின் எடையைத் தாங்கி நடப்பதும் படியேறுவதும் எலும்பை வலுவூட்டும். பொருளைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குதல் வேண்டும். ஈரத்தரை, மங்கிய ஒளி, காலை இடறும் பொருள்கள் ஆகியவற்றை நீக்கினால் முதியோர் வீழ்வது குறையும். புகையையும் மதுவையும் விலக்குதல் வேண்டும்.

எலும்பு வளம் பெரிதும் சேரும் காலம் பதின்பருவமே. விளையாட்டுத் திடலில் ஓடும் மாணவர், தம் எழுபதாம் வயதிற்கான வலிமையை அன்றே சேர்த்துக்கொள்கின்றனர்.