சிறைக்குள் ஒரு சேனை

1880-களில் தென்னாப்பிரிக்காவில் ஒரு வெள்ளைக்காரருடைய குதிரை காணாமற் போயிற்று. வேலைக்காரனாயிருந்த நொங்கொலோசா மதேபுலா என்ற ஜூலு இளைஞன், தான் அப்போது தோட்டத்தில் வேலையாயிருந்ததாகச் சொல்லியும் பயனில்லை. குதிரையின் விலையை உழைத்தே தீர்க்க வேண்டுமாம்! அவன் ஜோஹானஸ்பர்க்குக்கு ஓடினான். அந்நகருக்குத் தெற்கேயுள்ள குன்றுகளில் கொள்ளைக்கூட்டத் தலைவனானான். ஆண்டவனை எதிர்த்த நகரமென்று பைபிளில் படித்த நினிவேயின் பெயரையே கூட்டத்துக்குச் சூட்டினான். ஜெனரல், நீதிபதி, வைத்தியர் என்று பதவிகளும் வகுத்தான். அடக்கியவனுடைய பட்டாளமே அவனுக்கு மாதிரி!

தலைவன் பிடிபட்டதும் சேனை சிறைக்குள் வளர்ந்தது. பாஸ் சீட்டு இல்லாத அற்பக் குற்றத்துக்காக அடைபட்ட ஏழைகள் அதற்கு ஆட்களாயினர். அதே டிரான்ஸ்வாலில், பதிவுச் சட்டத்தை எதிர்த்து 1908-ல் காந்தியடிகளும் நம் தமிழர்களும் சிறை புகுந்ததை நேயர்கள் அறிவார்கள். சீட்டுக்காகச் சிறை என்ற அநீதி இரு சாராருக்கும் பொது. சென்ற வழிதான் வேறு.

1912-ல் நொங்கொலோசா மனம் மாறிச் சிறையிலேயே வார்டரானான். கூட்டமோ கலையவில்லை. இன்று 26, 27, 28 என்ற எண்களே அதன் பிரிவுகளுக்குப் பெயர். 28-க்கு மூலபுருஷன் நொங்கொலோசா. 27-க்கு அவன் தோழன் கிலிகிஜான். கூட்டத்தின் விதிகளைப் பொறித்த பாறை உடைந்து, ஒரு பாதி ஆற்றில் உருண்டு போயிற்றென்பது அவர்கள் சொல்லும் கதை. தொலைந்த பாதியில் என்ன எழுதியிருந்தது என்பதில்தான் இருவருக்கும் பகை மூண்டதாம். புதிதாகச் சேருபவன் இக்கதையை நெட்டுருப் போட வேண்டும்; தான் அணியாத உடுப்பின் நிறத்தையும் பொத்தான்களையும்கூடத் தவறாமல் ஒப்பிக்க வேண்டும்.