பந்து வெளியே போனது. கோல் ஏன் நின்றது?

சேலம், நாமக்கல் பக்கம் கபடிக்கும் வாலிபாலுக்கும் கூடுகிற கூட்டம் கால்பந்துக்குக் கூடுவதில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து வீச வந்த பிறகு கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் இந்தியாவும் கத்தாரும் மோதிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தைப் பற்றி டீக்கடையில் பேச்செடுத்துப் பாருங்கள். யாராவது ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்: “ஏனுங்கண்ணா, பந்து வெளிய போனது வீடியோல அப்பட்டமாத் தெரியுதுங்களே, அப்புறம் எப்படிங்க அதைக் கோல்னு விட்டாங்க?”

நியாயமான கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அன்று நடுவர் ஏன் தவறினார் என்பது ஒன்று. தவறு உலகத்துக்கே தெரிந்த பிறகும் ஏன் யாரும் அதைத் திருத்தவில்லை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நம்மில் பெரும்பாலோர் தடுமாறுவது இரண்டாவதில்தான். டீ ஆறுவதற்குள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் அன்று என்ன பணயத்தில் இருந்தது என்று தெரிந்துகொள்வோம். ஆசியத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் இந்தியா, கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் நான்கும் ஒரே பிரிவில் இருந்தன. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு மூன்றாம் கட்டம். கூடவே 2027 ஆசியக் கோப்பையில் நேரடி இடம். கத்தார் முன்பே தேறிவிட்டதால் அன்று இளைஞர்களை நிறைய இறக்கியிருந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன் இந்தியாவிடம் 5 புள்ளி, ஆப்கானிஸ்தானிடம் 5, குவைத்திடம் 4. ஐந்து நாள் முன்புதான், ஜூன் 6 அன்று, கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்தோடு சுனில் சேத்ரி ஓய்வு பெற்றிருந்தார். அதுவரை நாட்டுக்காக 94 கோல் அடித்திருந்தவர் இல்லாத முதல் ஆட்டம் இது. தலைமை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவிடம்.

அந்த அணி அன்று ஆடிய விதத்தை இன்றைக்கும் மனம் நிறைந்து சொல்லலாம். 37ஆவது நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகும் இந்தியா 1-0 என்று முன்னிலையில் நின்றது. இந்திய அணி இந்த வடிவப் போட்டியில் மூன்றாம் கட்டத்தை எட்டியதே இல்லை. இன்னும் அரை மணி தாக்குப்பிடித்தால் எட்டிவிடலாம்.

73ஆவது நிமிடம். கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை குர்பிரீத் தடுத்தார். அது கோல் கம்பத்துக்குப் பக்கமாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது. சட்டப்படி ஆட்டம் அங்கேயே நிற்க வேண்டும். கத்தாருக்கு ஒரு கார்னர் கிக், அவ்வளவுதான். ஆனால் கத்தாரின் அல்-ஹாஷ்மி அல்-ஹுசைன் காலை நீட்டிப் பந்தை உள்ளே இழுத்துவிட்டார். அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். தென் கொரிய நடுவர் கிம் வூ-சுங் கோல் என்றார். இந்திய வீரர்கள் சூழ்ந்துகொண்டு முறையிட்டார்கள், முடிவு மாறவில்லை. 85ஆவது நிமிடத்தில் அஹ்மத் அல்-ராவி இன்னொன்று போட, ஆட்டம் 2-1 என்று கைவிட்டுப் போனது.

இப்போது கோட்டுக்கு வருவோம். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பந்து எல்லைக் கயிற்றைத் தொட்டாலே வெளியே. கால்பந்தில் கோடு மைதானத்துக்குச் சொந்தம். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் வெளியே. தரையில் உருண்டாலும் சரி, காற்றில் பறந்தாலும் சரி. கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், அதாவது குறுக்களவு ஏறக்குறைய 22. கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

நம் ஊர் முட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, முட்டையைப் படுக்க வைத்து மெல்லக் கோட்டைத் தாண்டி உருட்டுங்கள். முட்டை மேசையைத் தொடுகிற இடம் கோட்டைத் தாண்டிவிட்டிருக்கும். ஆனால் நேர் மேலேயிருந்து குனிந்து பார்த்தால் அதன் வயிறு இன்னும் கோட்டின் மேல்தான் இருக்கும். பந்தும் இப்படித்தான். தரையைத் தொடும் புள்ளி கோட்டுக்கு வெளியே பத்து சென்டிமீட்டர் போயிருந்தாலும் பந்து இன்னும் ஆட்டத்தில் இருப்பதாகவே கணக்கு. பக்கவாட்டில் நின்று பார்க்கிறவருக்கு நடுவில் புல் தெரியும். வெளியே போய்விட்டது என்றே தோன்றும்.

இதே தோஹா நகரத்தில் 2022 டிசம்பர் 1 அன்று உலகக் கோப்பையில் ஜப்பானும் ஸ்பெயினும் ஆடியபோது இதுதான் நடந்தது. ஜப்பானின் மிதோமா கோல் கோட்டு ஓரத்தில் பந்தை இழுத்துவிட, தனகா கோல் போட்டார். தொலைக்காட்சியில் பார்த்த பலரும் பந்து வெளியே போய்விட்டது என்று சத்தம் போட்டார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் மயிரிழை அளவுக்குப் பந்து கோட்டின் மேல் இருந்தது தெரிந்தது. கோல் நின்றது, ஜப்பான் 2-1 என்று வென்றது. அது பார்வைக்கு வெளியே, உண்மையில் உள்ளே. ஒன்றரை வருஷம் கழித்து நமக்கு நேர்ந்தது இதன் தலைகீழ். அய்மன் கோலில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் முட்டைக் கணக்கு எதற்கும் இடமில்லை. பந்து முழுசாக, தாராளமாக வெளியே போயிருந்தது.

நடுவருக்கு ஏன் தெரியவில்லை? அவர் கோலுக்கு முன்னால் கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். விழுந்து கிடக்கும் கோல்கீப்பருக்கு அந்தப் பக்கம் பந்து. கொடி பிடிக்கும் துணை நடுவர்தான் உதவ வேண்டும். வழக்கமான 68 மீட்டர் அகல மைதானத்தில், பக்கக் கோட்டில் நிற்கும் அவருக்கு அருகிலுள்ள கோல் கம்பமே சுமார் 30 மீட்டர் தொலைவு. நடுவே பத்துப் பதினைந்து கால்கள். பார்க்கத் தவறியது மன்னிக்கக் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். நடக்கக் கூடியதுதான் என்று மட்டும் சொல்வேன்.

இதற்குத்தான் வி.ஏ.ஆர். என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தனி அறையில் பல கேமராப் படங்களைப் பார்த்துக்கொண்டு, களத்து நடுவரின் காதில் ‘இன்னொரு முறை பாருங்கள்’ என்று சொல்லும் காணொளி நடுவர். அந்த ஆசியத் தகுதிச் சுற்றில் அது மூன்றாம் கட்டத்திலிருந்துதான். இரண்டாம் கட்டத்தில் யாருக்கும் கிடையாது. அந்தக் கட்டத்தில் 36 நாடுகள் ஆடின. ஆப்கானிஸ்தான் தன் சொந்த மண்ணில் ஆட முடியாமல் சவுதி அரேபியாவில் நம்மோடு ஆடியது. அத்தனை மைதானத்திலும் அந்தக் கருவிகளை வைப்பது எளிதில்லை என்பது புரிகிறது.

இனி இரண்டாவது கேள்வி. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் ஆட்ட ஆணையருக்கும் முறையிட்டது, விசாரணை கேட்டது. முடிவு மாறவில்லை. “இவ்வளவு தெளிவான ஆதாரம் இருந்துமா?” என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். நாம் சறுக்குவது இந்த இடத்தில். ஆதாரம் போதுமான அளவு இருந்தால் ஆட்ட முடிவு மாறும் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். கால்பந்துச் சட்டம் ஆதாரத்தின் கனத்தைப் பார்ப்பதே இல்லை. நடந்த தவறு எந்த வகை என்று மட்டும்தான் பார்க்கிறது.

தவறு இரண்டு வகை. மைதானத்தில் என்ன நடந்தது என்பதைத் தப்பாகப் பார்ப்பது ஒன்று: பந்து உள்ளே இருந்ததா, கை பட்டதா, கால் தடுக்கியதா. சரியாகப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தாத சட்டத்தைப் போடுவது இன்னொன்று. கால்பந்தின் ஐந்தாவது விதி, ஆட்டத்தில் நடந்தவை பற்றி நடுவர் எடுக்கும் முடிவே இறுதி என்கிறது; கோல் விழுந்ததா இல்லையா என்பதையும் ஆட்ட முடிவையும் பெயர் சொல்லியே அதில் சேர்த்திருக்கிறது. தன் தவறு தெரிந்தால் நடுவரே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பந்து நடுவில் வைக்கப்பட்டு ஆட்டம் மறுபடி தொடங்கும் வரைதான். அய்மன் கோலுக்குப் பிறகு நடு வட்டத்திலிருந்து பந்தை உதைத்த அந்த நொடியில் சட்டப்படி அது கோல் ஆகிவிட்டது.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் ஆசியாவிலேயே இருக்கிறது, அதுவும் ஒரு தகுதிச் சுற்று ஆட்டம்தான். 2005 செப்டம்பர் 3, தாஷ்கண்ட். உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனை 1-0 என்று முந்தி நிற்கிறது. பெனால்டி கிடைக்கிறது, ஜெப்பரோவ் உள்ளே போடுகிறார். ஆனால் உதைப்பதற்கு முன்பே சக வீரர் பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். அதை ஜப்பானிய நடுவர் சரியாகவே பார்த்தார். அன்றைய விதிப்படி பெனால்டியைத் திரும்ப உதைக்கச் சொல்ல வேண்டும். அவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். கண் தவறவில்லை, விதி தவறியது. ஆட்டம் 1-0 என்றே முடிந்தது.

வென்ற உஸ்பெகிஸ்தானே முறையிட்டது. ஃபிஃபா அந்த ஆட்டத்தையே செல்லாது என்று சொல்லி முதலிலிருந்து ஆட வைத்தது. மறு ஆட்டம் 1-1. பஹ்ரைனில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0. வெளியூரில் போட்ட ஒரு கோலின் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. கையிலிருந்த வெற்றியை முறையீடே கரைத்துவிட்டது. உஸ்பெக் ரசிகர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

இந்த முன்னுதாரணத்தைப் பிடித்துக்கொண்டு 2009இல் அயர்லாந்து கேட்டது. பாரிஸில் நவம்பர் 18 அன்று பிரான்ஸின் தியரி ஆன்றி கையால் பந்தை நிறுத்திக் கொடுக்க, கல்லாஸ் கோல் போட்டார். அயர்லாந்து உலகக் கோப்பைக்குப் போக முடியாமல் ஆனது. கை பட்டதை ஆன்றியே ஒப்புக்கொண்டார். அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? ஆனால் நடுவர் அதைப் பார்க்கவில்லை. அது முதல் வகைத் தவறு. ஃபிஃபா மறு ஆட்டம் தரவில்லை. நம் கதை அயர்லாந்தின் கதையேதான்.

தென்னாப்பிரிக்கா - செனகல் ஆட்டத்தை மறுபடி ஆட வைத்தார்களே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். 2016 நவம்பரில் செனகல் வீரர் குலிபாலியின் முழங்காலில் பட்ட பந்துக்குக் கை பட்டதாகச் சொல்லி நடுவர் பெனால்டி கொடுத்தார். பார்வைத் தவறு போலத்தான் இருந்தது. ஆனால் அவர் வேண்டுமென்றே ஆட்ட முடிவைத் திருப்பினார் என்று ஃபிஃபா தீர்மானித்து, ஆயுள் தடை விதித்தது. ஒரு வருஷம் கழித்து மறு ஆட்டத்தில் செனகல் 2-0 என்று வென்று உலகக் கோப்பைக்கே போனது. அங்கே தண்டிக்கப்பட்டது சூழ்ச்சி. தோஹா ஆட்டத்தில் அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

இந்தப் பாகுபாடு கல் நெஞ்சுச் சட்டம் போலத் தோன்றும். எனக்கும் முழு மனசில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் வேறு வழி தெரியவில்லை. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஆட்டம் நிற்கிறது. கால்பந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. 73ஆவது நிமிடத்துக் கோலை மட்டும் பிடுங்கி எடுக்க முடியாது. ஒரு கோல் விழுந்ததும் இரண்டு அணிகளும் ஆடும் விதமே மாறிவிடுகிறது. அல்-ராவியின் கோலும் அந்த மாறிய ஆட்டத்தில் பிறந்ததுதான். பார்வைத் தவறு ஒவ்வொன்றுக்கும் மறு ஆட்டம் என்றால், தோற்ற அணி எதுவும் ஒரு வீடியோவோடு வாசலில் நிற்கும். அதனால் தவறை ஆட்டம் ஓடும்போதே பிடிக்க வேண்டும். அதற்கான கருவி நம்மிடம் இருக்கிறது. முன்னேறுவது யார், வெளியேறுவது யார் என்று தீர்மானிக்கும் கடைசி ஆட்டங்களிலாவது அதை இரண்டாம் கட்டத்தில் வைத்திருக்கலாம். என் கோபம் அதைச் செய்யாததன் மேல்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அன்று குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என்று வென்று 7 புள்ளியை எட்டியது. ஆகவே இந்தியாவுக்கு டிரா போதாது. முன்னிலையைக் கடைசி வரை காத்து 8 புள்ளி எடுத்திருந்தால்தான் இடம். காத்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. மார்ச் 26 அன்று குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றிருக்காவிட்டால் தோஹாவில் இவ்வளவு நெருக்கடியும் வந்திருக்காது.

பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் அதே மாதம் நீக்கப்பட்டார். குவைத் மூன்றாம் கட்டத்துக்குப் போய், காணொளி நடுவர் அமர்ந்திருந்த பத்து ஆட்டங்களை ஆடியது. 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தனியாக இன்னொரு தகுதிச் சுற்று ஆட வேண்டியிருந்தது. அந்த வாய்ப்பும் 2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதோடு முடிந்தது. அன்றும் இந்தியாவின் கோலைப் போட்டவர் சாங்தேதான்.