எந்த வயர் யாருடையது?

அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ டேட்டா சென்டரில் ரேக் வாடகைக்கு எடுத்தவர்கள் மாத பில்லைப் பார்ப்பார்கள். ரேக்கின் பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. கொத்தாகத் தொங்கும் நீல நிற பேட்ச் கார்டுகளில் உங்கள் பில்லிங் சர்வருடையது எது என்று ராத்திரி ஷிஃப்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வேறு வேலைக்காக வந்தவர் உங்கள் வயரைப் பிடுங்கிவிட்டால், காலையில் கடை திறக்கும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

நிறம் பிரித்துப் போட்டிருக்கிறோம் என்பார்கள். அது போதாது. ஃபைபருக்கு ஓரளவு பொது வழக்கு உண்டு: மஞ்சள் உறை சிங்கிள் மோட், அக்வா ஓஎம்3 அல்லது ஓஎம்4. செப்பு பேட்ச் கார்டின் உறைக்கு அப்படி எல்லாருக்கும் பொதுவான கட்டாய நிறம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் சிவப்பு ஃபயர்வாலுக்கு; இன்னோரிடத்தில் ஸ்டோரில் மிச்சமிருந்தது அதுதான். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத கண்களும் உண்டு. ஆகவே நம்பத்தக்கது லேபிள்தான். டிஐஏ-606 என்ற அமெரிக்கத் தரநிலை கேபிளின் இரு முனையிலும் அடையாளம் கேட்கிறது. ஒரு முனையில் மட்டும் ஒட்டினால், மறுமுனையில் நிற்பவர் ஊகித்துத்தான் பிடுங்க வேண்டும்.

மின்கேபிள் இதைவிட ஆபத்து. சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளும் 'ஏ', 'பி' என்ற தனித்தனி லைன்களில் போக வேண்டும். இரண்டும் ஒரே கருப்பு வயராக இருந்து ஒரே லைனில் செருகப்பட்டாலும் விளக்குகள் பச்சையாகவே எரியும். பராமரிப்புக்கு அந்த லைனை நிறுத்தும் நாளில்தான் குட்டு வெளிப்படும். அதுவரை இரண்டு லைனுக்கும் நீங்கள் காசு கட்டியிருப்பீர்கள்!

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கில் பெறும் சேவையைப் பொதுவாக விலக்கிவிடுகிறது. எனவே உங்கள் பிடி ஒப்பந்தம்தான். பல ஒப்பந்தங்கள் தருவது வாடகையில் சிறு கழிவு. அதையும் குறித்த நாளுக்குள் எழுதிக் கேட்டால்தான். கையெழுத்துக்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்: இருமுனை லேபிள், போர்ட் பதிவேட்டின் நகல், வேலைக்கு முன்னும் பின்னும் புகைப்படம், கோளாறுக்குப் பின் எழுத்தில் காரண அறிக்கை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள், முன்னறிவிப்புடன் ஒரு விடுமுறை நாளில் 'ஏ' லைனை மட்டும் நிறுத்திக் காட்டச் சொல்லலாம். மறுத்தால், காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள்.