அருகிருந்து அளந்தவர்கள்

1890ஆம் ஆண்டில் அமெரிக்க ஒன்றிய நாடு தன் மக்களை எண்ணத் தலைப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன் எடுத்த கணக்கை எழுத்தர்கள் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்திருந்தன. இம்முறை அப்பணியை எந்திரம் ஏற்றது. செருமானியக் குடியேறிகளின் மகனான ஹெர்மன் ஹாலரித் என்னும் பொறியாளர் அதை வடிவமைத்தார். ஆளுக்கு ஓர் அட்டை. அகவை, தொழில், பிறந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு துளை. அட்டையை எந்திரத்தில் இட்டு அழுத்தினால், துளையுள்ள இடங்களில் மட்டும் ஊசிகள் ஊடுருவிக் கீழிருந்த பாதரசக் குப்பிகளைத் தொடும், மின்சுற்று நிறைவுறும், எண்முள் ஒரு படி நகரும். இவ்வாறு 6 கோடிக்கு மேற்பட்ட மாந்தர் துளைகளாக மாறி எண்ணப்பட்டனர்.

எண்ணுதல் அறிவியலின் முதற்படி. ஆயினும் எண்ணுபவர் எங்கே நின்று எண்ணுகிறார் என்பதைப் பொறுத்தே அவ்வெண் மருந்தாகிறது; அல்லது நஞ்சாகிறது. முற்போக்குக் காலம் என வரலாற்றாசிரியர் குறிக்கும் அந்த முப்பது ஆண்டுகளில், அமெரிக்க மாநகரங்கள் இவ்விரண்டையும் கண்டன.

பெருகிய நகரம்

மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள சிகாகோவில் 1840இல் ஐயாயிரம் பேர்கூட இல்லை. 1890இல் அதன் மக்கள்தொகை 10,99,850. தொடர்வண்டித் தடங்கள் அங்கே கூடின. இறைச்சிக் கூடங்களும் எஃகு ஆலைகளும் தானியக் களஞ்சியங்களும் எழுந்தன. நீராவிக் கப்பல்கள் கடற்பயணத்தை ஒரு கிழமை அளவுக்குச் சுருக்கிய காலம் அது. நிலமிழந்த இத்தாலிய உழவர், போலந்தினர், கொடுமைக்குத் தப்பியோடிய உருசிய யூதர் எனப் பலர் புறப்பட்டு வந்தனர். 1880 முதல் 1920 வரை அமெரிக்கக் கரையில் இறங்கியோர் 2 கோடிக்கும் மேல்.

அவர்களுள் மிகப் பலர் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு வழியே நுழைந்தனர். 1892 சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட அந்நிலையம் 1907ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 10 நூறாயிரம் பேரைக் கண்டது. முதல் இரண்டு வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டனர். கீழ்த்தட்டில் வந்தவர்களோ மூட்டை முடிச்சுகளுடன் படியேறி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் செலவிட்ட நேரம் சில நொடிகளே. ஐயம் எழுந்தால் மேலாடையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து விழும்: நெஞ்சுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, கால் ஊனத்துக்கு ஒன்று. திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு இருவர் அளவே. ஆனால் நோய் ஆளோடு வருகிறது, ஆளிலேயே இருக்கிறது என்னும் எண்ணம் அச்சுண்ணக் கோட்டைவிட ஆழமாகப் பதிந்தது.

உடுக்கை வடிவ வீடுகள்

வந்தவர்கள் ஒண்டுக்குடித்தன அடுக்குமனைகளில் அடைந்தனர். நியூயார்க்கில் ஒரு மனையின் அளவு அகலம் 25 அடி, நீளம் 100 அடி. 1879ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அறைக்கும் காற்றுவழி வேண்டும் என்றது. கட்டுநர்கள் அதற்கு ஒரு வழி கண்டனர். கட்டடத்தின் நடுவை உடுக்கையின் இடைபோல் சிறிது ஒடுக்கி, அண்டை வீட்டுக்கும் இதற்கும் இடையே ஓர் ஒடுங்கிய காற்றுக்குழி விட்டனர். ஐந்தாறு மாடி ஆழமுள்ள அக்குழியின் அடிவரை கதிரவன் ஒளி இறங்கவில்லை. மேல்மாடியினர் வீசிய குப்பை அங்கே அழுகியது. தீப்பிடித்தாலோ குழியே புகைபோக்கியாகித் தழலை மாடிதோறும் ஏற்றியது. காற்றுக்கென வகுத்த வழி நாற்றத்துக்கும் நெருப்புக்கும் வழியானது.

டென்மார்க்கிலிருந்து 1870இல் வந்து, காவல்நிலையத் தங்கறைகளில் படுத்துறங்கி, பின்னர் செய்தியாளரான ஜேக்கப் ரீஸ் இவ்வறைகளுக்குள் ஒளியைக் கொண்டுசென்றார். செருமனியில் 1887இல் கண்டறியப்பட்ட மக்னீசிய மின்னல்தூள் அவருக்குக் கைகொடுத்தது. அத்தூள் எரிந்த ஒரு கணத்தில் இருளறைகள் படமாயின. 1890இல் அவர் வெளியிட்ட நூல் நாட்டின் மனச்சான்றை உலுக்கியது. ஆயினும் இன்ன இனத்தார் இன்ன இயல்பினர் என்னும் முன்முடிவுகள் அவர் எழுத்திலும் ஒட்டியிருந்தன. காலத்தின் பிழை அவரையும் விடவில்லை.

அடுத்த படியை எடுத்தவர் லாரன்ஸ் வெய்லர். 1900இல் அவர் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி அமைத்தார். அதன் நடுவே ஒரே ஒரு தெருக்கட்டத்தின் அட்டை மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அக்கட்டத்தில் 39 அடுக்குமனைகள், 605 குடியிருப்புகள், 2,781 பேர், 264 கழிப்பிடங்கள். குளியலறை ஒன்றுகூட இல்லை. சுவரில் தொங்கிய நிலப்படங்களில் காசநோய் கண்ட வீடுதோறும் ஒரு கரும்புள்ளி. புள்ளிகள் மொய்த்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருளும் நெரிசலும் எங்கே மிகுந்தனவோ அங்கேயே நோயும் மிகுந்திருந்தது. மறு ஆண்டே புதிய சட்டம் பிறந்தது. இனிக் கட்டும் வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று நோக்கிய சாளரம், ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிக் கழிப்பறை என அது விதித்தது. காசநோய்ப் பழி குருதியிலிருந்து சுவருக்கு இடம்பெயரத் தொடங்கியது.

திரும்பி ஓடிய ஆறு

சிகாகோவின் சிக்கல் நீரில் இருந்தது. நகரம் குடித்தது ஏரிநீர். நகரின் கழிவு ஆற்றில் விழுந்து போய்ச் சேர்ந்ததும் அதே ஏரி. 1867இல் கரையிலிருந்து இரண்டு மைல் தொலைவுக்கு ஏரியடியில் சுரங்கம் குடைந்து தூய நீரை எடுக்க முயன்றனர். நகரம் வளர்ந்தது, பெருமழைக்காலங்களில் கழிவு அவ்விடத்தையும் எட்டியது. 1891இல் நூறாயிரம் பேருக்கு 174 பேர் குடற்காய்ச்சலால் மாண்டனர்.

பொறியாளர்கள் துணிவான தீர்வொன்றை மேற்கொண்டனர். ஏரிப் படுகைக்கும் மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கும் இடையே இருந்த தாழ்ந்த மேட்டை 28 மைல் நீளத்துக்கு வெட்டி, ஏரிமட்டத்துக்குக் கீழே கால்வாய் அகழ்ந்தனர். நீர் பள்ளம் நோக்கித்தானே பாயும்! 1900 சனவரி 2 அன்று கால்வாய் திறந்ததும், ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்த ஆறு திரும்பி உள்நாடு நோக்கி ஓடியது. ஆனால் கழிவு அழியவில்லை; அடுத்தவர் வாயிலுக்குப் போயிற்று. கீழ்ப்புறத்து மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்து 1906இல் தோற்றது. ஒரு நகரின் நலத்தை வேறொரு நகரின் தலையில் சுமத்தாத வழி, நீரையே தூய்மையாக்குவதுதான். 1908இல் மருத்துவர் ஜான் லீல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகருக்குச் செல்லும் குடிநீரில் வெளுப்புத்தூளை மிகச் சிறிய அளவில் இடையறாது கலந்தார். அதிலிருந்து பிரியும் குளோரின் சேர்மம் நோய்நுண்மியின் மேலுறையைச் சிதைத்து, உள்ளே உயிர்வினை நடத்தும் நொதிகளை முடக்குகிறது. நச்சுப்பொருளைக் குடிநீரில் இடுவதா என நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. முறைமன்றம் லீலின் பக்கமே நின்றது. சில ஆண்டுகளில் நாடெங்கும் அம்முறை பரவியது.

ஈயும் குழாயும்

சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் ஸ்டாரும் ஒரு பழைய மாளிகையில் குடிபுகுந்தனர். அதுவே ஹல் இல்லம். ஏழைகளைச் சென்று கண்டு திரும்புவதில் அவர்கள் நிறைவு கொள்ளவில்லை. அண்டை வீட்டாராக அங்கேயே வாழ்ந்தனர். 1895இல் அவ்வில்லத்தினர் வெளியிட்ட நிலப்படங்கள், சதுர மைலில் மூன்றிலொரு பங்கு நிலப்பரப்பை வீடுவீடாகக் காட்டின. ஒரு படம் குடும்பங்களின் தாய்நாட்டை வண்ணத்தால் காட்டியது. 18 இனத்தார் அதில் அடங்கினர். மற்றொன்று ஒவ்வொரு குடும்பத்தின் கிழமை வருவாயைக் காட்டியது. அதே ஆண்டு ஆடம்ஸ் தம் வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். விடியற்காலையில் எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே நடந்தார். தெரு ஒன்றில் ஆண்டுக்கணக்கில் படிந்த குப்பையை அகற்றியபோது அடியில் கல்பாவிய சாலை கிடந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கே அத்தெருவுக்குத் தளம் உண்டு என்பது தெரியாதிருந்தது.

1902இல் அவ்வட்டாரத்தைக் குடற்காய்ச்சல் தாக்கியது. நகர மக்களில் முப்பத்தாறில் ஒரு பங்கினரே அங்கு வாழ்ந்தனர். நகரில் அந்நோயால் நேர்ந்த சாவுகளிலோ ஆறேழில் ஒரு பங்கு அங்கே நிகழ்ந்தது. ஹல் இல்லத்தில் தங்கியிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் நோய்முதல் நாடிப் புறப்பட்டார். மூடப்படாத கழிப்பிடங்களைச் சுற்றியும் அடுக்களைகளிலும் ஈக்களைப் பிடித்து, வளர்நீர்மத்தில் இட்டு ஆய்ந்தார். குடற்காய்ச்சல் நுண்மி அவற்றில் இருந்தது. ஆய்வு வெளியானதும் புகழ் வந்தது. நகர நலத்துறையும் சீரமைக்கப்பட்டது.

ஆனால் உண்மை வேறு. பின்னரே அது அவருக்குத் தெரியவந்தது. நீரேற்று நிலையத்தில் நேர்ந்த ஓர் உடைப்பால் மூன்று நாள் கழிவுநீர் குடிநீர்க் குழாய்களில் கலந்திருந்தது. நலத்துறை அதை மறைத்திருந்தது. ஈ நுண்மியைச் சுமந்தது மெய். அத்தனை பேரைக் கொன்றது குழாய்நீர். தமக்குப் பெயர் தேடித்தந்த ஆய்வே பிழையான முடிவுக்குச் சென்றது என்பதை ஹாமில்டன் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். கண்முன் பறக்கும் ஈயைக் குற்றவாளியாக்குவது எளிது. மண்ணுக்கடியில் உடைந்ததைக் காண மண்ணைத் தோண்ட வேண்டும். அருகிருப்பது மட்டும் போதாது, அளந்ததை மீண்டும் அளக்கும் நேர்மையும் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் அறிவியலில் அரிது.

தொழிற்கூடத்தின் நஞ்சு

அந்நேர்மையோடு ஹாமில்டன் 1910இல் காரீய ஆலைகளுக்குள் நுழைந்தார். வீடுகளுக்குப் பூசும் வெண்பூச்சு காரீயத்திலிருந்து செய்யப்பட்டது. அவ்வேலையில் இருந்தோர் பெரும்பாலும் போலந்து, பால்கன் நாடுகளிலிருந்து வந்த மொழியறியாக் குடியேறிகள். கைகழுவாமல் உண்பதால் நஞ்சேறுகிறது, அது அவர்கள் பழக்கத்தின் குற்றம் என்றனர் உரிமையாளர்கள். ஹாமில்டன் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று மனைவியரிடம் கேட்டார். பல்லீறில் நீலக்கோடு, தாளா வயிற்றுவலி, நரம்பு தளர்ந்து மணிக்கட்டிலிருந்து தொங்கும் கை ஆகிய அடையாளங்களைத் தேடினார். காற்றில் பறக்கும் தூளும் உருக்கும்போது எழும் ஆவியும் மூச்சோடு உட்செல்வதே முதன்மைக் காரணம் என நிறுவினார். கழுவிய கையாலும் தடுக்க முடியாத நஞ்சு அது. எழுபதுக்கு மேற்பட்ட தொழில்முறைகளில் காரீய நச்சேற்றம் இருப்பதை அவர் குழு கண்டது. 1911இல் இல்லினாய் மாநிலம் தொழில்நோய்ச் சட்டம் இயற்றி, பாதுகாப்பையும் திங்கள்தோறும் மருத்துவ ஆய்வையும் முதலாளியின் கடமையாக்கியது.

அதே 1911 மார்ச்சு 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்கூடம் எரிந்து 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். தீ பற்றியவை எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகள். தீயணைப்பு ஏணி எட்டியதோ ஆறாம் மாடி. கதவு ஒன்று பூட்டியிருந்தது. எரியும் கட்டடத்தைத் தெருவில் நின்று கண்ட பிரான்சிஸ் பெர்கின்ஸ் பின்னாளில் நாட்டின் தொழிலாளர் துறைச் செயலரானார்.

நகரத்துப் பிள்ளைகளைக் காத்த கதையும் அருகிருந்து காணும் இவ்வழியினதே. 1908 கோடையில் மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கர், நியூயார்க்கின் நெரிசலான வட்டாரமொன்றில் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பினார். தாய்ப்பால், குளியல், காற்றோட்டம், மெல்லிய ஆடை ஆகியவற்றை அவர்கள் தாய்மார்க்கு எடுத்துரைத்தனர். முந்திய கோடையைவிட அங்கே 1,200 குழந்தைச் சாவுகள் குறைந்தன. தாய்மார் அறிவிலிகள் என்று ஒதுக்கியிருந்தால் இப்பிள்ளைகள் எண்ணாகவே முடிந்திருப்பர்.

அடைபட்ட வாயில்

எதிர்வழியில் அளந்தவர்களும் இருந்தனர். மண்டையோட்டின் வடிவம் இனத்துக்கு இனம் மாறாதது, அதுவே அறிவையும் ஒழுக்கத்தையும் காட்டும் என அவர்கள் வாதிட்டனர். தாமும் செருமானியக் குடியேறியான மாந்தவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸ், நியூயார்க்கில் ஏறத்தாழ 18,000 பேரின் தலையை அளந்தார். ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைக்கும் அதே பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கும் தலைவடிவம் வேறுபடுவதைக் கண்டு 1911இல் அறிவித்தார். மாறாதது எனப்பட்டது ஒரே தலைமுறையில் மாறியது.

ஆட்சியாளர் அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வோர் ஐரோப்பிய நாட்டினரும் ஆண்டுதோறும் இத்தனை பேரே வரலாம் என வரம்பிட்டது. அமெரிக்காவில் ஏற்கெனவே வாழ்ந்த அந்நாட்டினரில் நூற்றுக்கு இருவர் என்பதே அளவு. எந்த ஆண்டின் கணக்கு? அப்போது கையில் இருந்த 1920ஆம் ஆண்டுக் கணக்கை விட்டு, 1890ஆம் ஆண்டுக் கணக்கைத் தேர்ந்தனர். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் பெருந்திரளாக வருமுன் எடுத்த கணக்கு அதுவே. ஹாலரித்தின் எந்திரம் துளைதுளையாக எண்ணித் தந்த அதே எண்கள், இத்தாலியர்க்கும் யூதர்க்கும் போலந்தினர்க்கும் தாழ்ப்பாளாயின. ஆசியருள் பெரும்பாலோர்க்கு வாயில் அறவே அடைபட்டது.

எண் பொய்யாகவில்லை, எண்ணியவர்களும் பிழை செய்யவில்லை. தொலைவில் நின்று அதைக் கையாண்டவர்களுக்கு அட்டையில் இருந்த துளை மட்டுமே தெரிந்தது. துளைக்குப் பின்னே ஒரு வீடும் அவ்வீட்டில் ஓர் அறையும் இருந்தது தெரியவில்லை. ஹல் இல்லத்தின் நிலப்படமும் இதே பிறந்த நாட்டைத்தான் குறித்தது. ஆனால் அதனருகே வருவாயைக் காட்டும் படத்தையும் வைத்தது, வரைந்தவர்கள் அத்தெருவின் நீரையே குடித்தனர், அக்காய்ச்சலுக்கே அஞ்சினர்.

1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாட்டுவாரி வரம்பு நீங்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஆலிஸ் ஹாமில்டனுக்கு அகவை 96. ஈயைப் பிடித்துக் குழாயைத் தவறவிட்டு, தம் பிழையைத் தாமே எழுதிவைத்த அந்த அம்மையார் அதையும் கண்டபின்னரே 1970இல் மறைந்தார்.